ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோமில் நியூட்ரோஃபில், மோனோசைட் மாற்றங்கள்: மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம் (இனி எச்.யு.எஸ்.; சிவப்பணுக்கள் உடைந்து, பிளேட்லெட் குறைந்து, சிறுநீரகம் செயலிழக்கும் நோய்) வந்த குழந்தையின் ரத்த அறிக்கையில் வெள்ளணுக்கள் இருபதாயிரத்தைத் தாண்டி நிற்பதைப் பார்த்ததும், செப்சிஸ் (உடல் முழுவதையும் பாதிக்கும் கடும் தொற்று நிலை) என்று முடிவு கட்டி ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடும் பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. இந்த நிகழ்வில் அந்த முடிவு முதலில் தள்ளிவைக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, வேறொரு காரணத்துக்காக, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்கப்பட்டது. இரண்டு முடிவுகளுக்கும் பின்னால் இருந்தது நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற இரு வகை வெள்ளணுக்களையும் வாசித்த விதம்தான். நாள் எண்கள் எல்லாம் வயிற்றுப்போக்கு தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டவை.

பின்னணி

மூன்று வயதுப் பெண் குழந்தை. வழக்கமான எடை 14.2 கிலோ. வளர்ச்சி இயல்பானது, தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டவை. குடும்பத்தில் யாருக்கும் சிறுநீரக நோயோ விளங்காத ரத்தசோகையோ இல்லை.

முதல் நாள் தண்ணீராகப் போன மலத்தில் மூன்றாம் நாள் ரத்தம் கலந்தது. காய்ச்சல் பெரிதாக இல்லை. வயிற்று வலிதான் அதிகம். வலிக்காக வீட்டில் இரண்டு வேளை ஐபுப்ரொஃபென் கொடுத்திருந்தார்கள். நான்காம் நாள் வெளிநோயாளர் பிரிவில் எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் 14.1 கிராம்/டெசிலிட்டர், வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 19,800, பிளேட்லெட் 2,10,000, கிரியேட்டினின் 0.6 மி.கி./டெசிலிட்டர். பிளேட்லெட்டும் கிரியேட்டினினும் இயல்பாக இருந்ததால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆன்டிபயாட்டிக் எதுவும் தரப்படவில்லை.

அந்த 14.1 என்ற எண்ணை மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி போலத் தோன்றும். வயிற்றுப்போக்கில் நீரிழந்து ரத்தம் கெட்டிப்பட்டதால் வந்த எண் அது. எச்.யு.எஸ்.ஸுக்குக் காரணமான, குடல் கிருமி வெளியிடும் ஷிகா நச்சு சிறுநீரகத்தை எட்டும் நேரத்தில் ரத்த ஓட்டம் மந்தமாக இருந்தால் சேதம் கூடும். எச்.யு.எஸ். வரும் குழந்தைகளில், ஆரம்ப ஹீமோகுளோபின் உயர்ந்து இருப்பவர்களுக்கு விளைவு மோசமாக இருப்பது இதனால்தான். வெள்ளணுக்களின் உயர்வும் அதே திசையில்தான் கை காட்டியது.

ஆறாம் நாள்: சேர்க்கையின்போது கண்டவை

வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது. குழந்தை வெளுத்து, சோர்ந்து, 14 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தது. எடை 13.5 கிலோ. வாய் வறண்டிருந்தது, விரல் நுனியில் ரத்தம் திரும்ப 3 விநாடி ஆனது. ரத்த அழுத்தம் 104/66. நினைவு தெளிவாக இருந்தது, வலிப்பு இல்லை.

ஹீமோகுளோபின் 9.8, பிளேட்லெட் 42,000, வெள்ளணுக்கள் 27,400. அவற்றில் நியூட்ரோஃபில் 78 விழுக்காடு. கிரியேட்டினின் 3.1, யூரியா 142 மி.கி./டெசிலிட்டர், சோடியம் 128, பொட்டாசியம் 5.6 மி.மோல்/லிட்டர், எல்.டி.எச். (செல்கள் உடையும்போது ஏறும் நொதி) 2,850 யூனிட்/லிட்டர், சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்) 68 மி.கி./லிட்டர். ரத்தப் பூச்சில் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் ஏராளம். சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடி கூம்ப்ஸ் சோதனை எதிர்மறை. உறைதல் நேரங்களும் ஃபைப்ரினோஜனும் இயல்பாக இருந்ததால் டி.ஐ.சி. (உடல் முழுக்க ரத்தம் உறைந்து, உறைபொருள்கள் தீர்ந்துபோகும் நிலை) விலகியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தானியங்கிக் கருவி முதலில் பிளேட்லெட் 71,000 என்று காட்டியது. சிவப்பணுத் துண்டுகள் பிளேட்லெட் அளவிலேயே இருப்பதால், மின்தடை முறையில் எண்ணும் கருவி அவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். பூச்சைப் பார்த்துக் கணக்கிட்ட பிறகே 42,000 என்று திருத்தப்பட்டது. துண்டுகள் அதிகமாக உள்ள குழந்தையில் பிளேட்லெட் "ஏறுகிறது" என்று நம்புவதற்கு முன் பூச்சைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஹீமோகுளோபினோடு கிரியேட்டினினின் இரு மடங்கைக் கூட்டினால் 16.0 வந்தது. 13க்கு மேல் போனால் மோசமான விளைவுக்கு வாய்ப்பு கூடுதல் என்று கொள்ளப்படும் மதிப்பெண் இது. டயாலிசிஸுக்கான ஏற்பாட்டை அன்றே தொடங்க இந்த ஒரு கணக்கே போதுமானதாக இருந்தது.

நோயறுதி

மலத்தில் பி.சி.ஆர். சோதனை ஷிகா நச்சு 2 மரபணுவையும், குடல் சுவரில் ஒட்ட உதவும் இன்டிமின் மரபணுவையும் காட்டியது. வளர்ப்பில் ஈ.கோலை ஓ157 வந்தது. மலம் குறைந்துவிட்ட நிலையில் ஆசனவாய்த் துடைப்பிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டது. ஒரு வாரம் கடந்துவிட்டால் கிருமி வளர்ப்பில் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் இது காத்திருக்கக் கூடாத வேலை. ரத்த உறைதலைக் கட்டுப்படுத்தும் ஏடம்ஸ்-டி.எஸ்.13 நொதியின் செயல்திறன் 48 விழுக்காடு. 10க்குக் கீழே போயிருந்தால் இதே போல நுண்குழாய்களை அடைக்கும் இன்னொரு நோயான டி.டி.பி. என்று யோசித்திருக்க வேண்டும். காம்ப்ளிமென்ட் (ரத்தத்தில் உள்ள தற்காப்புப் புரதத் தொடர்) புரதங்களில் சி3 74 மி.கி./டெசிலிட்டர், சற்றே குறைவு. சி4 இயல்பு. காம்ப்ளிமென்ட்டைக் கட்டுப்படுத்தும் காரணி எச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் இல்லை.

நோயெதிர்ப்புச் செல்கள்: மாதிரி எடுத்த விதம்

ரத்தம் ஏற்றுவதற்கும் டயாலிசிஸுக்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. ஏற்றிய ரத்தத்தோடு வரும் கொடையாளியின் செல்களும், டயாலிசிஸ் கிளப்பும் அழற்சியும் படத்தைக் குழப்பிவிடும்.

மூன்று குழாய்கள் எடுக்கப்பட்டன. மோனோசைட் மேற்பரப்புக் குறிகளுக்கு இ.டி.டி.ஏ. குழாயில் 1 மி.லி., உடனே பனிக்கட்டியில். அறை வெப்பத்தில் கிடந்தால் மோனோசைட்டின் எச்.எல்.ஏ-டி.ஆர். (கிருமித் துண்டை மற்ற தற்காப்புச் செல்களுக்குக் காட்டும் மேற்பரப்புப் புரதம்) தானாக ஏறும், குறைந்திருப்பதை இயல்பென்று காட்டிவிடும். சாயமேற்றல் 2 மணி நேரத்துக்குள் முடிந்தது. நியூட்ரோஃபிலின் ஆக்சிஜன் வெடிப்பை (கிருமியைக் கொல்ல வீரிய ஆக்சிஜனை உண்டாக்கும் திறனை) சோதிக்க ஹெப்பாரின் குழாயில் 1 மி.லி., அறை வெப்பத்தில், அதே நேரத்தில் எடுத்த நலமானவரின் மாதிரியோடு சேர்த்து. பிளேட்லெட் ஒட்டிய மோனோசைட்டுகளைப் பார்க்க சிட்ரேட் குழாயில் 1 மி.லி. அந்த ஒட்டுதலுக்குக் கால்சியம் தேவை, இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டியவற்றைப் பிரித்துவிடும்.

சாயமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃபுளோ சைட்டோமெட்ரியில் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. செல் மேற்பரப்புப் புரதங்களில் (சி.டி. எண் கொண்டவை) ஒன்றான சி.டி.16 குறி மோனோசைட்டுகளில் மட்டும் இருப்பதில்லை. நியூட்ரோஃபில்களிலும் இயற்கைக் கொல்லி செல்களிலும் உண்டு. இவற்றை விலக்க, பல ஆய்வகங்கள் எச்.எல்.ஏ-டி.ஆர். உள்ள செல்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குள் மோனோசைட்டைத் தேடும். எச்.யு.எஸ்.ஸில் அப்படிச் செய்தால், எச்.எல்.ஏ-டி.ஆர். இழந்த மோனோசைட்டுகள், அதாவது எதைத் தேடுகிறோமோ அவையே, கணக்கிலிருந்து விழுந்துவிடும். இந்த மாதிரியில் சி.டி.66பி கொண்டு நியூட்ரோஃபில்களையும், சி.டி.56, சி.டி.3, சி.டி.19 கொண்டு மற்றவற்றையும் நீக்கி, மிஞ்சியதில் சி.டி.14, சி.டி.16 வரைபடம் போடப்பட்டது.

கிடைத்த முடிவுகளும் அவற்றின் பொருளும்

சி.டி.14 மிகுந்து சி.டி.16 இல்லாத மோனோசைட்டுகளில் எச்.எல்.ஏ-டி.ஆர். ஒரு செல்லுக்கு 4,600 (அதில் ஒட்டிய சோதனை எதிர்ப்பொருள் மூலக்கூறுகளின் எண்ணிக்கை). வளர்ந்தவர்களில் 8,000க்குக் கீழே போனால் குறைவு, 5,000க்குக் கீழே மிகக் குறைவு என்பது வழக்கம். குழந்தையில் அந்த எல்லை வழிகாட்டியாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. சி.டி.16 உள்ள மோனோசைட்டுகளின் பங்கு 19 விழுக்காடு, வழக்கமாக இருப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நியூட்ரோஃபில்கள் எண்ணிக்கையில் 21,400 இருந்தும், தூண்டியபோது அவற்றின் ஆக்சிஜன் வெடிப்பு ஒப்பீட்டு மாதிரியில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. மோனோசைட்டுகளில் பெரும்பகுதி பிளேட்லெட் ஒட்டியவை.

எண்ணிக்கை ஏறியிருக்கிறது, செயல் இறங்கியிருக்கிறது. இந்த முரண் எச்.யு.எஸ்.ஸின் தீவிர நிலையில் காணப்படுவது. ஷிகா நச்சின் ஐந்து பி அலகுகள் ரத்தநாள உட்சுவர்ச் செல்களின் ஜிபி3 என்ற கொழுப்புச் சர்க்கரையில் ஒட்டுகின்றன. ஒற்றை ஏ அலகு உள்ளே போய் ரைபோசோமில் ஒரு அடினினை வெட்டி, புரத உற்பத்தியை நிறுத்துகிறது. அதோடு நின்றால் சேதம் இவ்வளவு ஆகாது. நச்சு தொட்ட மோனோசைட்டுகள் டி.என்.எஃப்.-ஆல்ஃபாவையும் இன்டர்லூக்கின்களையும் வெளியிடுகின்றன. டி.என்.எஃப். உட்சுவரில் ஜிபி3யை மேலும் கூட்ட, அடுத்து வரும் நச்சுக்கு இன்னும் அதிகக் கதவுகள் திறக்கின்றன. இன்டர்லூக்கின்-8 நியூட்ரோஃபில்களை அழைத்து வருகிறது. எலும்பு மஜ்ஜை புதிதாக அனுப்புகிறது. அழைப்புக்கு முதலில் ஓடிய செல்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு, துகள்களைக் கொட்டி, வலைகளை விரித்துவிடுகின்றன. ஊசியில் வரும் ரத்தத்தில் இருப்பவை மிச்சம் இருப்பவையும், வேலையை முடித்து ஓய்ந்தவையும், பக்குவப்படாமல் புறப்பட்டவையும்தான். செல்களைத் திசுவுக்கு ஈர்க்கும் ஃப்ராக்டல்கைன் என்ற புரதத்தின் ஏற்பி தாங்கிய செல்கள் நோயுற்ற குழந்தைகளின் ரத்தத்தில் குறைந்தும், சிறுநீரகத் திசுவில் தென்பட்டும் இருப்பது இதே கதையைத்தான் சொல்கிறது.

ஆகவே 4,600 என்ற எண்ணை "இந்தக் குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி இல்லை" என்று படிப்பது சரியல்ல. நோயின் தீவிரத்தோடு சேர்ந்து இறங்கும் குறி அது. அது இறங்கியிருக்கும் நாட்களில் வெளியிலிருந்து ஒரு கிருமி நுழைந்தால் தடுப்பு பலவீனமாக இருக்கும் என்பதும் உண்மை. நடைமுறைக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டாவது செய்தி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்பது முதல் முடிவு. வெள்ளணு 27,400, சி.ஆர்.பி. 68, செயல் இழந்த மோனோசைட் மூன்றும் சேர்ந்தால் செப்சிஸின் படமும் இப்படித்தான் இருக்கும். பாக்டீரியத் தொற்றில் ஏறும் குறியான புரோகால்சிடோனினும் உதவவில்லை, சிறுநீரகம் செயலிழந்தால் அது தானாகவே ஏறும். முடிவைத் தந்தவை எளிய விஷயங்கள்: காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சரியவில்லை, லாக்டேட் இயல்பு, உறைதல் இயல்பு, மலத்தில் நச்சு மரபணு உறுதி. சில ஆன்டிபயாட்டிக்குகள் கிருமியின் மரபணுச் சேத எதிர்வினையைத் தூண்டி, நச்சு மரபணுவைச் சுமக்கும் ஃபாஜை (கிருமிக்குள் தங்கியிருக்கும் வைரஸை) கிளப்பி, நச்சு உற்பத்தியைக் கூட்டும். ரத்த வளர்ப்பு அனுப்பிவிட்டு, 48 மணி நேரம் பார்ப்பது என்று தீர்மானம். வளர்ப்பு எதிர்மறையாக வந்தது.

திரவம் இரண்டாவது. 10 மி.லி./கிலோ கணக்கில் 0.9 விழுக்காடு உப்புநீர் 135 மி.லி. இரண்டு மணி நேரத்தில் ஏற்றி, கல்லீரல் விளிம்பையும் மூச்சு வேகத்தையும் பார்த்து, இன்னொரு முறை அதே அளவு. வறட்சி தீர்ந்தது, சிறுநீர் வரவில்லை. ஃபுரோசமைடு 2 மி.கி./கிலோ ஒரே ஒரு முறை கொடுத்தும் பயனில்லை. அதன்பின் திரவம், உணரா இழப்புக்காக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 400 மி.லி., அதோடு வெளியேறிய அளவு மட்டும் என்று சுருக்கப்பட்டது. சிறுநீர் வராத குழந்தைக்கு "இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம்" என்று தொடர்வது நுரையீரலில் நீர் கோப்பதில் முடியும்.

ஏழாம் நாள் பொட்டாசியம் 6.3 ஆகி, இ.சி.ஜி.யில் டி அலைகள் கூர்மையாயின. 10 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் 7 மி.லி. மெதுவாகச் செலுத்தி, சால்பியூட்டமால் நெபுலைசர் கொடுத்து, அன்றே வயிற்றறை டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டது. பிளேட்லெட் 31,000 இருந்தும் பிளேட்லெட் ஏற்றவில்லை: ஏற்றுவது நுண்குழாய்களில் புதிய கட்டிகளுக்குத் தீனியாகலாம் என்ற கவலையோடு, ரத்தக்கசிவும் இல்லாமல் இருந்தது. குழாயைச் சுற்றி வந்த சிறு கசிவு அழுத்திப் பிடித்ததில் நின்றது. முதல் நிரப்பு 10 மி.லி./கிலோ, மணிக்கு ஒரு சுற்று, ஃபைப்ரின் அடைக்காமலிருக்க லிட்டருக்கு 500 யூனிட் ஹெப்பாரின். கரைசலில் உள்ள குளுக்கோஸும், நோய் கணையத்தைத் தொட வாய்ப்பிருப்பதும் சேர்ந்து, 4 மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்க்க வைத்தன. மிக உயர்ந்த அளவு 210, இன்சுலின் தேவைப்படவில்லை.

எட்டாம் நாள் ஹீமோகுளோபின் 6.4. வெள்ளணு நீக்கிய சிவப்பணுக்கள் 10 மி.லி./கிலோ, நான்கு மணி நேரத்தில். வெள்ளணு நீக்கியதைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம், பிற்காலத்தில் சிறுநீரக மாற்று தேவைப்பட்டால் எதிர்ப்பொருள் தடையாகக் கூடாது என்பது. அன்று ரத்த அழுத்தம் 128/86 ஆனதால் அம்லோடிபின் 0.1 மி.கி./கிலோ தொடங்கப்பட்டது.

எகுலிசுமாப் என்ற மருந்து பற்றிய விவாதம் நீண்டது. சி3 குறைந்திருப்பதைக் காட்டி, காம்ப்ளிமென்ட் புரதமான சி5ஐத் தடுக்கும் அந்த மருந்தைத் தொடங்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. ஷிகா நச்சு எச்.யு.எஸ்.ஸிலும் சி3 சற்றே குறையும். அது மட்டுமே, காம்ப்ளிமென்ட் கோளாறால் வரும் மரபுவழி எச்.யு.எஸ்.ஸுக்குச் சான்றாகாது. நச்சு உறுதியாகிவிட்டது, குடும்ப வரலாறு இல்லை, மூளை பாதிப்பு இல்லை. மேலும் சி5ஐத் தடுத்தால் மெனிஞ்சோகாக்கஸ் ஆபத்து கூடும். மோனோசைட்டுகளும் நியூட்ரோஃபில்களும் ஏற்கெனவே ஓய்ந்திருக்கும் குழந்தையில் அந்தச் சுமையைக் கூட்ட வலுவான காரணம் வேண்டும். மூளை அறிகுறி வந்தால் மீண்டும் பேசுவது என்று ஒத்திவைக்கப்பட்டது. ஸ்டீராய்டு வேண்டாம் என்பதில் கருத்து வேறுபாடே எழவில்லை.

கடைசி முடிவு சிறியதாகத் தோன்றியது: எச்.எல்.ஏ-டி.ஆர். 8,000ஐத் தாண்டும் வரை தேவையில்லாத சிரை ஊசிக்குழாய் எதுவும் உடலில் இருக்கக் கூடாது; வயிற்றறையிலிருந்து வெளியே வரும் டயாலிசிஸ் கரைசலை (வெளிநீரை) ஒவ்வொரு சுற்றிலும் கண்ணால் பார்ப்பதோடு நாளுக்கு இரு முறை செல் எண்ணிக்கைக்கும் அனுப்ப வேண்டும்.

பதினோராம் நாள்

பத்தாம் நாள் எச்.எல்.ஏ-டி.ஆர். 5,900. வெள்ளணு 16,300க்கு இறங்கியிருந்தது. பதினோராம் நாள் காலை வெளிநீர் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 640 செல்கள், அதில் 82 விழுக்காடு நியூட்ரோஃபில். 100க்கு மேல் செல்களும் அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபிலும் இருந்தால் வயிற்றறைத் தொற்று என்று கொள்ள வேண்டும். வெளிநீர் கண்ணுக்கு லேசாக மங்கலாகத் தெரிந்தது அதற்குப் பிறகுதான், காய்ச்சல் 38.6 செல்சியஸ் வந்தது மதியம்.

எண்ணிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளிநீர் வளர்ப்புக்கு எடுத்துவிட்டு, செஃபிபிம் லிட்டருக்கு 500 மி.கி. கலந்த கரைசல் வயிற்றறையில் விடப்பட்டது. பின் தொடர் அளவு லிட்டருக்கு 125 மி.கி. பூஞ்சைத் தொற்று தொற்றிக்கொள்ளாமலிருக்க வாய்வழி நிஸ்டாட்டின் சேர்க்கப்பட்டது. ஆறாம் நாள் தள்ளிவைத்த மருந்தை இன்று தருவதில் முரண் இல்லை. இப்போது தொற்று இருக்கும் இடம் தெரிந்திருந்தது, மல பி.சி.ஆர். எதிர்மறையாகியிருந்தது, தடுப்புச் செல்கள் பலவீனமாக இருப்பதும் தெரிந்திருந்தது. வளர்ப்பில் மெதிசிலினுக்கு இணங்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வந்ததும் செஃபசோலினுக்கு மாற்றி, மொத்தம் 14 நாள் தரப்பட்டது. மூன்றாவது நாளில் எண்ணிக்கை 100க்குக் கீழே இறங்கியது. குழாயை எடுக்க வேண்டி வரவில்லை, டயாலிசிஸ் ஒரு நாளும் நிற்கவில்லை.

மீட்சி

பதினான்காம் நாள் பிளேட்லெட் 1,18,000, பூச்சில் சரிபார்த்தது. பதினைந்தாம் நாள் 90 மி.லி. சிறுநீர், பதினெட்டாம் நாள் 420 மி.லி. பத்தொன்பதாம் நாள் டயாலிசிஸ் நிறுத்தப்பட்டது. குழாய் 22ஆம் நாள் எடுக்கப்பட்டு, மீதி செஃபசோலின் சிரை வழியே முடிக்கப்பட்டது. சி3 பதினாறாம் நாளே 112க்குத் திரும்பியிருந்தது.

இருபத்து நான்காம் நாள் எச்.எல்.ஏ-டி.ஆர். 14,800, நியூட்ரோஃபில் வெடிப்பு ஒப்பீட்டு மாதிரிக்கு இணை. கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை இறங்கியது, பிறகு பிளேட்லெட் ஏறியது, பிறகு சிறுநீர் வந்தது, மோனோசைட் குறி கடைசியில்தான் மீண்டது. பிளேட்லெட் ஏறிவிட்டது என்று தொற்றுக் கண்காணிப்பைத் தளர்த்தினால் அது சீக்கிரம்.

ஆறாவது மாதம் சிறுநீரில் புரத-கிரியேட்டினின் விகிதம் 0.4. எனலாப்ரில் 0.1 மி.கி./கிலோ தொடங்கி, ஒரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கப்பட்டன. ஓராண்டில் விகிதம் 0.2, உயரம் 103 செ.மீ., கிரியேட்டினின் 0.48, உயரத்தையும் கிரியேட்டினினையும் கொண்டு கணக்கிடும் ஷ்வார்ட்ஸ் சூத்திரப்படி சிறுநீரகம் வடிகட்டும் வேகம் சுமார் 89 மி.லி./நிமிடம்/1.73 ச.மீ. ரத்த அழுத்தம் எனலாப்ரிலோடு இயல்பு. குறைந்தது ஐந்தாண்டு கண்காணிப்பு திட்டமிடப்பட்டிருக்கிறது.

ஐந்து வயது அண்ணனுக்கும் அந்த வாரத்தில் லேசான வயிற்றுப்போக்கு இருந்தது. மலத்தில் அதே நச்சு மரபணு. எச்.யு.எஸ். வரவில்லை, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எதிர்மறையாகும் வரை பள்ளிக்கு அனுப்பப்படவில்லை.

மாற்ற வேண்டியவை

பெரிய மாற்றம் நான்காம் நாளுக்கு உரியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மலத்தில் ரத்தம், வெள்ளணு 20,000ஐ நெருங்குகிறது, ஹீமோகுளோபின் வயதுக்கு மீறி உயர்ந்திருக்கிறது என்றால், பிளேட்லெட் இயல்பாக இருந்தாலும் சேர்த்துக்கொண்டு, மலத்தில் நச்சுச் சோதனைக்கு அன்றே அனுப்பி, சிரை வழியே உப்புநீர் கொடுத்து, தினமும் ரத்த எண்ணிக்கை பார்ப்பது இப்போது நடைமுறையாக்கப்பட்டிருக்கிறது. சிறுநீர் நிற்பதற்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு நாள்தான் திரவத்தால் ஏதாவது செய்ய முடிகிற நாட்கள். பெற்றோருக்குத் தரும் தாளில் ஐபுப்ரொஃபென் போன்ற வலிமருந்துகளையும், குடல் அசைவை நிறுத்தும் மருந்துகளையும் தர வேண்டாம் என்ற வரி சேர்க்கப்பட்டது.

இரவில் வரும் குழந்தைக்கு ஃபுளோ சைட்டோமெட்ரி உடனே செய்ய முடிவதில்லை. ரத்தம் ஏற்றுவதை அதற்காகத் தாமதிப்பது கூடாது. அதனால் செல் மேற்பரப்பை நிலைநிறுத்தும் குழாய்கள் அவசரப் பிரிவிலேயே வைக்கப்பட்டுள்ளன. ஆய்வகத்தின் வழக்கமான மோனோசைட் வடிகட்டலில் எச்.எல்.ஏ-டி.ஆர். முதற்படியாக இருந்தது; எச்.யு.எஸ்., செப்சிஸ் மாதிரிகளுக்கு அது நீக்கப்பட்டது.

டயாலிசிஸ் எப்போது, ரத்தம் எப்போது என்பவற்றில் இந்தச் சோதனைகளுக்கு இடம் தரப்படவில்லை, இனியும் தரப்படாது. பொட்டாசியம், யூரியா, திரவச் சுமை, ஹீமோகுளோபின் ஆகியவையே அங்கே போதும். வெளிநீரை நாளுக்கு இரு முறை எண்ணுவது மட்டும், மோனோசைட் முடிவு கையில் இல்லாத எச்.யு.எஸ். குழந்தைகளுக்கும் வயிற்றறை டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து செய்யப்படுகிறது.